வெள்ளை பூசி மறைத்த அண்ணன்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவதாக உன் தங்கை பொடிசும் நலம் என்று எழுதவேண்டும், பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, காய்ச்சல் இல்லை, எங்கும் விழுந்து அடிபடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதி படித்துவிட்டுப் பதறிப்போய் போன் செய்துவிடாதே. போன் வேண்டாம் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். நம் வீடு உனக்குத் தெரியும், இரண்டு அறை, நடுவில் ஒரு திரைச்சீலை, எங்கே நின்று பேசினாலும் பொடிசின் காதில் விழும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்தேன், கதவுக்கு வெளியே வந்து நின்று யார்கிட்டம்மா பேசுற என்கிறாள். அலுவலகத்திலிருந்து கூப்பிடலாம் என்றால் உனக்கு அது வேலை நேரம், செய்தியாகத் தட்டி அனுப்பலாம் என்றால் என் போனில் எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. அப்பாவோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மகள் இந்த வாரம் உன் ஊருக்குத் திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அலுவலக மேஜையில் உட்கார்ந்து யாருடைய கதையையோ திருத்துவதுபோல பாவனை செய்துகொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் பொழப்பே மாடிப்படி ஏறுறதுதான் என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறார், டாக்டரிடம் போகச் சொன்னால் அந்த டாக்டர் இருக்கிற கட்டடத்தில் லிஃப்டே ஓடவில்லை என்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் பொடிசு உன்னோடு பேச வருவதில்லை என்பதை நீயே கவனித்தாய். ஒருமுறை பல் வலி என்றாள், ஒருமுறை குளிக்கப் போகிறேன் என்றாள், இன்னொருமுறை பட்டப்பகலில் தூங்குவதுபோலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நீ சிரித்துக்கொண்டே, பெரிய மனுஷி ஆயிட்டா போலிருக்கு, இனிமே நேரம் வாங்கித்தான் பேசணும் என்றாய். நானும் உம் கொட்டினேன். போனை வைத்துவிட்டுப் பெருக்க ஆரம்பித்தபோது கட்டிலுக்கடியில் துடைப்பத்தில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. உன் பழைய சீப்பு, அறுந்துபோன கைக்கடிகாரம், நீ விட்டுவிட்டுப் போன ஒற்றைச் சாக்ஸ், கல்லூரி அடையாள அட்டை, எல்லாம் உள்ளே. இதெல்லாம் எதுக்குடி என்றேன். தொலைஞ்சு போகாம இருக்கட்டும்னுதான், அப்புறம் வேணும்னா கெடைக்காதுல்ல என்றாள். ஏழு வயதுப் பிள்ளை அதைச் சொன்ன குரலை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. வீடு காலி செய்பவர்கள் பேசுகிற குரல்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. தட்டில் வைத்ததை முழுவதும் சாப்பிடுகிறாள். குளிக்கச் சொன்னால் குளிக்கிறாள். உன் போர்வையைக் கேட்டுத் தரையில் உருண்ட பிள்ளை, தன் போர்வையைத் தானே மடித்துவைக்கிறாள். அப்பா ஆபீஸ் ஷூவைக் கழற்றினால் எடுத்துக்கொண்டுபோய் ஓரமாக வைக்கிறாள், அவருக்கு ஒரே பெருமை, எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வகுப்பு டீச்சர் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, உங்க பொண்ணு ரொம்ப அடங்கிட்டாளே, என்ன மந்திரம் போட்டீங்க, எனக்கும் சொல்லிக்குடுங்க, இன்னும் நாப்பது உருப்படி பாக்கி இருக்கு என்றார். நான் சிரித்திருக்கவேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது.

ஏன் என்று உனக்குப் புரியும், என் வேலையைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. குழந்தைகளுக்கான கதைகளைத் திருத்திப் புத்தகமாக்குகிற இந்த மேஜையில் எத்தனையோ கதைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். படித்த படிப்பில் பெரிய நம்பிக்கை எனக்கு எப்போதும் கிடையாது, மனவியல் என்று சொல்லிக்கொண்டு கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுபவர்களைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். ஆனால் ஒரு கதை வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான், இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும். எழுதியவர் சைக்கிள் என்பார். சைக்கிள் எதற்கு என்று திரும்பக் கேட்பேன். ஓட்டத்தான் என்று எரிந்துவிழுவார். அந்தப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதை யாராவது நின்று பார்க்கவேண்டும், அதுதான் சார் அதுக்கு வேணும், உங்க கதையில ஒருத்தர்கூட நின்னு பாக்கலையே என்பேன். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு விளக்கைவிட, அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரு ஆள் வேண்டும். குறும்பு செய்கிற பிள்ளை, என்ன செய்தாலும் ராத்திரி வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளை. சில கதைகளில் வருமே, ஒரு தவறும் செய்யாத பிள்ளை, எதையும் கேட்காத பிள்ளை, பெரியவர்கள் வாய் திறக்கும் முன்பே எழுந்து ஓடுகிற பிள்ளை, அப்படி ஒன்று வந்தால் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன், இந்தப் பிள்ளை எதற்கு இவ்வளவு பயப்படுகிறது என்று. எத்தனை பேருடைய கதையில் எழுதியிருப்பேன். என் வீட்டில், என் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளையைப் பார்த்து அதைக் கேட்க எனக்கு அத்தனை நாளாகியிருக்கிறது.

கேட்ட பிறகும் பதில் வரவில்லை. ஸ்கூல்ல யாராவது அடிச்சாங்களா என்றேன், இல்லை. யாராவது தொட்டாங்களா, பயமுறுத்தினாங்களா என்றேன், இல்லை. அண்ணன்மேல கோவமா என்றபோது மட்டும் தலையை வேகமாக ஆட்டி, ஐயோ அவன்மேல இல்லம்மா என்றாள். அப்படியென்றால் யார் மேல் என்று கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை பார், அடுத்தவர் கதையில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் விட்டிருப்பேனா.

இப்போது எங்கள் புதுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுதியவரை உனக்குத் தெரியும், நாங்கள் முற்றுப்புள்ளி என்று கூப்பிடுவோமே, ஒரு புள்ளியைக்கூட நகர்த்த விடமாட்டார் என்பதால். ஒரு படகுத்துறையில் அண்ணனும் தங்கையும். அண்ணன்தான் துறையில் தினமும் விளக்கேற்றுபவன். வேலை தேடி அவன் படகில் போகிறான், தகவல் இல்லை, தங்கை காத்திருக்கிறாள், அவனுக்காக விளக்கை ஏற்றக் கற்றுக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தில் அண்ணன் மிட்டாய் டப்பாவோடு கரையில் வந்து நிற்கிறான். அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. கதை முழுக்க ஒரு பிள்ளையை இழப்புக்குப் பழக்கிவிட்டு, கடைசியில் மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்வது ஏமாற்று வேலை என்பது என் கட்சி. அவர், ஏம்மா, கொழந்தைங்க கதையில ஒரு ஆள உசுரோட கொண்டுவந்து நிறுத்துனா உங்களுக்கு என்ன செலவு என்றார். வரவே கூடாது சார், அண்ணன் வந்துட்டா கதை பொய்யாயிடும், அவன் இல்லாமயும் அவளால நிக்க முடியும்னு தெரியறதுதான் அந்தப் பொண்ணுக்கு வேணும் என்றேன். முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, சரி, உங்க இஷ்டம், கொன்னுடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போது பொடிசு என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் வேன் அவளை இங்கேதான் இறக்கிவிடுகிறது, அந்த இடம்தான் அவள் வீடு மாதிரி, அவள் அங்கே இருப்பதே எங்கள் யாருக்கும் நினைவிருக்காது.

இது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஓவியர் எதிரில் ஆள் இல்லாமல் வரையமாட்டார் என்பது உனக்குத் தெரியும். வாட்ச்மேன்தான் போன வருஷத்துப் புத்தகத்தில் ராஜா. கணக்கர்தான் பூதம், பூதத்துக்கு எதுக்கு சார் வழுக்கை என்று அவர் இன்னும் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் புத்தகத்துக்குத் தங்கை வேண்டும் என்றதும் பொடிசை ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்தார், அவளுக்குத் தலைகால் புரியவில்லை, இரண்டு ஜடை போடச் சொல்லி என் உயிரை எடுத்தாள். அண்ணனுக்கு ஆள் கிடைக்கவில்லை. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உன் போட்டோ இருக்கிறது அல்லவா, கட்டம் போட்ட சட்டையில் சிரிக்கிறாயே, அதைப் பார்த்து வரைந்துவிட்டார். படம் வந்ததும் நானும் பார்த்தேன், நல்லா வந்திருக்கே, மூக்குகூட அவன் மூக்குதான் என்று சொன்னேன், அவ்வளவுதான், யாருடைய முகமோ எந்தப் படத்திலோ இருப்பது இங்கே புதிதில்லை. பிறகு முடிவு மாறியது. கரையில் அண்ணன் நிற்கும் படம் ஏற்கெனவே தயார், முழுவதையும் திரும்ப வரைய நேரமில்லை. ஓவியர் உன்னை மட்டும் வெள்ளை வர்ணத்தால் பூசி மறைத்துவிட்டு, அது காய்ந்ததும் அந்த இடத்தில் விளக்குக் கம்பத்தை வரைந்தார். அப்போது தூரிகை கழுவுகிற கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது பொடிசுதான். முதலில் கால், அப்புறம் கட்டம் போட்ட சட்டை, கடைசியாக முகம். அண்ணன் எங்க போறான் மாமா என்று கேட்டிருக்கிறாள். அவர் வேலைக் கவனத்தில், அவன் போயிட்டான் குட்டி, இனிமே வரமாட்டான், உங்கம்மா சொல்லிட்டாங்க என்றாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது அந்த மனுஷன் முகத்தில் ரத்தமில்லை, நான் அவரைத் திட்டவும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது போன புதன்கிழமை. அன்றைக்கு வேன் வந்துபோய்விட்டது, பொடிசு மேலே வரவில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன், உள்ளதான் மேடம் போச்சு, நான் பாத்தேனே என்றார். கழிவறை, மொட்டை மாடி, தாள் கட்டு அடுக்கியிருக்கும் கிடங்கு, கணக்கர் அறை, எங்கும் இல்லை. உன் தங்கை பெயரை நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டது இந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவை, என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி, மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். அப்பாவுக்கு போன் செய்யலாம் என்று எடுத்தேன், என்னவென்று சொல்வது. அந்த நேரத்தில் போன் தானே அடித்தது, அச்சகத்து மெஷின்காரர். அக்கா, உங்க பாப்பா இங்க வந்து நிக்குது, ஒரு பக்கத்த அச்சடிக்கக் கூடாதுன்னு அடம் புடிக்குது, என்னன்னு வந்து கேளுங்க என்றார். அச்சகம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பெரிய சாலையைத் தாண்டவேண்டும், லாரிகள் போகிற சாலை, அதில் சிக்னலும் இல்லை. கைப்பிடித்துக் கடக்கவே பயப்படுகிறவள் தனியாகக் கடந்திருக்கிறாள்.

நான் ஓடிப் போனபோது முதுகில் பையோடு ஒரு தாள் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இறங்கி ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவள் இறங்கி மெஷின்காரரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்து ஒளிந்தாள். அவருக்கும் தர்மசங்கடம், மை படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார், மொதலாளி சொன்னாத்தான் மெஷின நிறுத்த முடியும் பாப்பான்னேன் அக்கா, இல்லன்னா உங்கம்மாவக் கூட்டிட்டு வா, அவங்க சொன்னாலும் நிறுத்துறேன்னேன், அதுக்கு அம்மா சொல்லமாட்டாங்க, அம்மாதான் வேணாம்னு சொன்னதேங்குது, எனக்கு ஒண்ணும் புரியல. அச்சுக்குப் போயிட்டா அப்புறம் மாத்த முடியாது என்று இந்த அலுவலகத்தில் நாங்கள் நாளெல்லாம் சொல்வதுதான், எழுத்துப்பிழைக்குச் சொல்வது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு, அச்சாவதற்குள் உன்னை எப்படியாவது மீட்டுவிடவேண்டும் என்று அத்தனை நாளும் தனியாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல பிள்ளையாக இருந்தால் நானே மனம் மாறி அண்ணனை மறைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தாளாம். தட்டைக் காலி செய்தது, போர்வையை மடித்தது, எல்லாம் எனக்கான மனு. நான் மாறவில்லை என்று தெரிந்ததும் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் கேட்டேன், அது வெறும் கதைடா, உனக்குத் தெரியாதா என்று. எனக்குத் தெரியும் கதைன்னு, நான் என்ன பாப்பாவா என்றாள். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, ஆனா அதுல அண்ணன் மூஞ்சி இருக்கே, என் மூஞ்சியும் இருக்கே என்றாள். அப்படின்னா அண்ணன்கிட்ட போன்ல ஏன் பேசல என்றேன். பேசினா அழுதுடுவேன், அழுதா ஏன்னு கேப்பான், அவனுக்கு இன்னும் தெரியாதும்மா, தெரிஞ்சா பாவம் அங்க தனியா பயந்துடுவான் என்றாள். மகனே, அவள் எங்களுக்குப் பயந்து உன்னைவிட்டு விலகவில்லை, நீ பயந்துவிடக் கூடாது என்று விலகியிருக்கிறாள். சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். நான் அப்படி உட்காருகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அதற்கு மறுநாள்தான் உன் போன். லீவு கிடைக்கவில்லை, வேலை இழுக்கிறது, இந்த முறை வரமுடியாதுபோல, பார்க்கலாம் என்றாய். நான் சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னான் என்று கேட்கவே இல்லை. அதுதான் எனக்குக் குலைநடுக்கமாக இருக்கிறது. நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, நீ கிளம்பிய அன்று தும்மல் கேட்டபோது அப்பா தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு அவரைக் கேலி செய்தவள் நான். இப்போது அந்தப் படம் இருக்கும் அறைக்குள் போகக் கால் வரமாட்டேன் என்கிறது. விளக்குக் கம்பத்தின் வர்ணம் ஒரு பக்கம் மெலிதாக இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கட்டம் போட்ட சட்டை தெரிகிறது. உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் போன முறை அடுத்த லீவில் வருகிறேன் என்றாய், இந்த முறை பார்க்கலாம் என்கிறாய், அதற்கு அடுத்த முறை அதுவும் இருக்காதோ என்று பயமாக இருக்கிறது. யாரும் கொல்லாமலேயே ஒரு ஆள் ஒரு வீட்டைவிட்டு அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோவது எனக்குத் தெரியும், உன் பெரிய மாமா அப்படித்தான் போனார். நாங்கள் பெரியவர்கள் பேசாமல் விட்டதை அந்தப் பிள்ளை ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டாளோ என்பதுதான் என் பயம்.

சரி செய்ய முயற்சி செய்யாமல் இல்லை. அப்பா, அந்தப் பக்கத்த மாத்திட்டுப் போயேன், என்ன கோர்ட்டு கேஸா என்றார். முற்றுப்புள்ளிக்கு விஷயம் தெரிந்ததும் தானே வந்தார், என் முடிவு அப்படியே இருக்கு, மிட்டாய் டப்பாவும் இருக்கு, எடுத்துப் போட்டுக்கங்கம்மா என்றார், குத்திக்காட்டாமல் சொன்னார், அதற்கே எனக்கு அழுகை வந்தது. ஓவியர் அண்ணனைத் திரும்ப வரைந்துவிடுகிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நானும் அதையே சொல்லிப் பார்த்தேன், பொடிசை மடியில் உட்காரவைத்து, அண்ணன் திரும்பி வர மாதிரி மாத்திடலாமா என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்போ நெஜமாவே வருவானா, இல்ல நான் அழக்கூடாதுன்னு மாத்துறியா என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அண்ணன் வரக்கூடாது என்று நான் போட்ட சண்டை அந்தக் கதைக்குச் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் அண்ணனோடு சண்டை போடப் போய்விடும். இவளுக்கு மூடிவைக்க முடியவில்லையே. ஆகவே கடைசிப் பாரத்தை, அதாவது கடைசிப் பதினாறு பக்கம் அச்சாகிற பெரிய தாளை, நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் அச்சாகிக் கிடங்கில் கிடக்கிறது. முதலாளி தினமும் என்னம்மா ஆச்சு என்கிறார். பொடிசும் தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே அச்சாயிடுச்சா என்று கேட்கிறாள். இல்லை என்றால்தான் ஸ்கூலுக்குக் கிளம்புகிறாள். நான் எத்தனை காலைக்கு இல்லை என்று சொல்லமுடியும் என்று தெரியவில்லை.

நான் உன்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. போகிறேன் என்றபோது போ என்றேன், ரயில் நிலையத்துக்குக்கூட அப்பாவைத்தான் அனுப்பினேன், அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். இப்போது கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவா என்று சொல்லவில்லை, அது நியாயமும் இல்லை, அந்த வேலைக்கு நீ எவ்வளவு அலைந்தாய் என்று தெரியும். உன் மேலதிகாரியிடம் நேராகப் போய்க் கேள், எனக்கு லீவு என்றைக்குத் தருவீர்கள் என்று. அவர் சொல்வது ஆறு மாதம் தள்ளியிருந்தாலும் சரி, அடுத்த வருஷமாக இருந்தாலும் சரி, ஒரு தேதி வாங்கு. அதை எனக்குச் சொல்லாதே, பொடிசிடம் நீயே சொல். தேதி தரமாட்டேன் என்றுவிட்டால் அதையும் சொல், எப்ப வருவேன்னு எனக்கே தெரியல, எனக்கும் உன்ன பாக்கணும்போல இருக்கு என்று சொல். அவளுக்கு நல்ல முடிவு வேண்டியதில்லை, அவளை வைத்துக்கொண்டு அவள் தலைக்கு மேல் யாரும் முடிவை மாற்றக்கூடாது, அதுதான் வேண்டும். உன்மேல் கோபப்படவும் அவளுக்கு இடம் கொடு. பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் ஒரு தட்டைத் தூக்கி எறிந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அவளிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன் என்று. மறைத்து எழுதிவிட்டு மறுபடியும் அவளிடம் மாட்டிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. ஐயோ வேணாம், அவன் பயந்துடுவான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படட்டும், அவன் பெரியவன், பயந்தாலும் தாங்கிப்பான், நீதான் சின்னவ, இத நீ தூக்கிட்டு அலைய வேணாம் என்றேன். கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. வேன் ஹார்ன் அடித்தும் போகாமல் நின்றுவிட்டு, அவன் எப்படி இருக்கான்னு நான் கேட்டேன்னு மட்டும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிர் வந்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் அமையட்டும், நீயும் பத்திரமாக இரு, எங்கள் கண்ணில் படாத ஊரில் இருந்தாலும் நீ இருக்கிறாய் என்பதே எங்களுக்குத் தெம்பு. மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்ன வேண்டுமானாலும் சொல், பார்க்கலாம் என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதே. நீ சொல்வதைக் கேட்டு அவள் அழுவாள். போனை அவசரமாக வைத்துவிடாதே, அழுது முடிக்கும் வரை அந்தப் பக்கத்தில் நீ இரு. இந்தப் பக்கத்தில் நான் இருப்பேன்.

உன் அம்மா